இரண்டு வாளித் தண்ணீர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜோர்டானில் இருக்கும் சிரிய அகதிகளைப் பற்றிப் பரிவோடு எழுதியிருந்தீர்கள். சரி. ஆனால் குடிக்கவே தண்ணீர் இல்லாத நாட்டில் இத்தனை லட்சம் பேர் வந்து இறங்கினால் உள்ளூர்க்காரன் எங்கே போவான்? மனிதாபிமானம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் போடுவதே இல்லை.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

போட்டுவிடுவோம். சிரிய அகதிகளுக்காக ஜோர்டானில் 2012 ஜூலையில் திறந்த ஸாத்தரி முகாமில் பல ஆண்டுகள் ஏறக்குறைய 80,000 பேர் இருந்தார்கள். ஆளுக்கு நாளைக்குச் சுமார் 35 லிட்டர். நம் வீட்டு வாளியில் இரண்டு. குளியல், துவையல், சமையல், குடிநீர் எல்லாம் அதற்குள். மொத்த முகாமுக்கும் ஆண்டுக்குப் பத்து லட்சம் கன மீட்டர் ஆகும். நாட்டின் தெற்கே திஸி என்ற இடத்தின் நிலத்தடியிலிருந்து 325 கிலோமீட்டர் குழாய்வழியாகத் தலைநகர் அம்மானுக்கு ஓடுவது ஆண்டுக்குப் பத்துக் கோடி கன மீட்டர். நூற்றில் ஒன்று.

இதைச் சொல்லி உங்கள் வாயை அடைக்க மாட்டேன். முகாம் என்பது கேமராக்கள் போகிற இடம். ஐந்தில் நான்கு அகதிகள் ஊருக்குள்தான் வாடகைக்கு இருந்தார்கள். வடக்கே சிரிய எல்லைப் பக்கம் இருக்கும் மஃப்ராக் நகரத்தில் ஆள்தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அங்கே குழாயில் தண்ணீர் வருவதே வாரத்துக்கு ஒருமுறை. அன்றைக்கு மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டு, அழுக்குத்துணியை எல்லாம் துவைத்துப் போட்டுவிட வேண்டும். தொட்டி நடுவாரத்தில் காலியானால் லாரிக்காரனிடம் காசு கொடுக்க வேண்டியதுதான். அந்த வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுச் சிரியாக்காரனை முறைத்தால் என்னால் குறைசொல்ல முடியாது.

ஆனால் அவன் தொட்டி காலியானதற்கு வேறு கைகளும் உண்டு. நாட்டில் குழாயில் விடுகிற தண்ணீரில் ஏறக்குறைய பாதி ஒழுகியும் திருட்டுப்போயும் கணக்கில் வராமல் போகிறது. மொத்தத் தண்ணீரில் பாதி விவசாயத்துக்கு. மஃப்ராக்கைச் சுற்றியே ஆழ்துளைக் கிணறு போட்டு வளர்க்கும் பழத்தோட்டங்கள் இருக்கின்றன. சொந்தக்காரர்கள் செல்வாக்கானவர்கள் என்றால் கிணற்றை மூட அதிகாரி எளிதில் போகமாட்டார் (இது நமக்குப் புதிதல்ல). கிழக்கே பாலைவனத்தில் இருக்கும் அஸ்ரக் சோலையின் ஊற்றுகள் அம்மானுக்கும் வயல்களுக்கும் உறிஞ்சப்பட்டு வற்றியது 1992 வாக்கில். சிரியாவிலிருந்து ஒருவரும் வருவதற்கு இருபது வருடம் முன்னால்!

இன்னொன்று, எனக்கே படித்தபோது வியப்பாக இருந்தது. யார்மூக் ஆறு சிரியாவிலிருந்துதான் ஜோர்டானுக்கு வருகிறது. மேலே சிரியர்கள் அணை கட்டித் தேக்கிக் கொண்டிருந்தார்கள். உள்நாட்டுப் போரில் தெற்குச் சிரியாவின் விவசாயிகள் ஓடிப்போக, பாசன நிலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆற்றில் ஜோர்டானுக்கு வரும் நீர் கூடியது. வறட்சி விலகி மழை பெய்தது பாதிக் காரணம், வயலில் ஆள் இல்லாதது மறுபாதி. விட்டுவந்த வயலின் தண்ணீர் அவர்களுக்குப் பின்னாலேயே எல்லை தாண்டியிருக்கிறது. ஆனால் அது வந்து சேர்ந்தது மேற்கே யார்மூக்கின் அல் வஹ்தா அணைக்கு. மஃப்ராக்கின் மொட்டைமாடித் தொட்டிக்கு அல்ல.