ஐரோப்பாவில் கருத்தரங்குக்குப் போனால், முடிந்ததும் ஊரைப் பார்க்க இரண்டு நாள் கூடத் தங்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் முதல் தடவையாக ஐரோப்பாவுக்குக் கருத்தரங்குக்குப் போகிறார். செலவை நினைத்து, முடிந்த அன்றே விமானம் ஏறிவிடலாமா என்று யோசிக்கிறார்.

தங்குங்கள். குறைந்தது ஒரு நாளாவது தங்குங்கள். அந்த ஒரு நாளை எல்லாரும் போகிற இடங்களுக்குக் கொடுக்காமல், உங்கள் துறை அந்த ஊரில் எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்தில் வளர்ந்தது என்று தேடிப் போவதற்குக் கொடுங்கள். நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

2023 செப்டம்பரில் நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போனேன். என் ஆய்வு மீகடத்திகளைப் பற்றியது. அதாவது மிகக் குளிரான நிலையில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்கள். லைடனில் லோரன்ஸ் மையம் என்று ஒன்று இருக்கிறது. 1997 முதல் வாரக் கணக்கில் நடக்கும் சிறிய சந்திப்புகளை நடத்துகிறார்கள். ஆயிரம் பேர் கூடும் மாநாடு மாதிரி இல்லை. ஐம்பது பேர் அளவில் கூடி, பேச்சைக் குறைத்து விவாதத்துக்கு நேரம் விடுவார்கள். எனக்குப் பேச வாய்ப்பு இல்லை, ஆய்வைப் பெரிய தாளில் அச்சடித்து மாட்டி, வருகிறவர்களுக்கு விளக்கும் போஸ்டர்தான் கிடைத்தது. முதல் நாள் ஒருவர் அதன் முன் நின்று, என் அளவீட்டில் வெப்பநிலையை எப்படி உறுதி செய்தாய் என்று கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அடுத்த நாள் மதியச் சாப்பாட்டில் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காகிதத் துண்டில் படம் போட்டு விளக்கினார். அந்தக் காகிதம் இன்னும் என் குறிப்பேட்டில் இருக்கிறது.

சாப்பாடு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே மதியம் சூடான சாப்பாடு பெரும்பாலும் கிடையாது. ரொட்டி, பாலாடைக்கட்டி, குடிக்கப் பால். பாலுக்குப் பக்கத்தில் ‘கார்நெமெல்க்’ என்று எழுதிய ஒரு டப்பா இருந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், மோர்! கொஞ்சம் கெட்டியான, உப்புப் போடாத மோர். மேசையில் இருந்த உப்பை ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க வயிற்றுக்கு அதுதான் துணை.

சரி, ஊருக்கு வருகிறேன். லைடன் பல்கலைக்கழகம் 1575-ல் தொடங்கியது. ஊர் சின்னது. ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரம் நடந்து போகிற தூரம். கால்வாய் ஓரமாக நடந்தால் வீட்டுச் சுவர்களில் பல மொழிக் கவிதைகள் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். நூற்றுக்கும் மேலே இருக்கின்றன. அப்புறம் சில சுவர்களில் இயற்பியல் சமன்பாடுகள். கோவில் சுவரில் திருப்பதிகம் எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தெருச் சுவரில் ஐன்ஸ்டைனின் புலச் சமன்பாட்டைப் பார்த்தபோது மனதுக்குள் அதே மரியாதைதான் வந்தது.

அந்தச் சமன்பாடு இருப்பது போர்ஹாவ் அருங்காட்சியகத்தின் சுவரில். சனிக்கிழமை காலை நான் தேடிப் போனதும் அதைத்தான். ஒரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்து, பிறகு மருத்துவமனையாகி, இப்போது அறிவியல் அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடம் அது. லைடனின் இயற்பியல் பேராசிரியர் ஹைக் காமர்லிங் ஒன்னஸ் 1908 ஜூலை 10 அன்று ஹீலியத்தை முதல் தடவையாகத் திரவமாக்கிய கருவி அதற்குள் இருக்கிறது.

பித்தளை, குழாய், கண்ணாடி. படத்தில் பலமுறை பார்த்ததுதான். நேரில் நின்றபோது என்னைப் பிடித்து நிறுத்தியது கண்ணாடி. ஹீலியம் சேரும் குடுவை. அதைச் சுற்றித் திரவ ஹைட்ரஜன். அதைச் சுற்றித் திரவக் காற்று. எல்லாவற்றுக்கும் வெளியே ஆல்கஹால். ஒன்றுக்குள் ஒன்றாகக் குடுவைகள். வெளிக் கண்ணாடியில் பனி படர்ந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் போய்விடும், அதற்காகத்தான் ஆல்கஹால். கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் அந்த அடுக்குகளில் தெரிகிறது.

1908-ல் அந்த நாள், விடியற்காலையில் தொடங்கிய வேலை. மாலையில் வெப்பமானி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. முயற்சி தோற்றுப்போன மாதிரிதான் தெரிந்தது. பார்க்க வந்திருந்த ஸ்க்ரைன்மாக்கர்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர், வெப்பமானி ஏற்கெனவே திரவத்துக்குள் நிற்பதால்தான் அப்படிக் காட்டுகிறதோ என்றார். கீழேயிருந்து விளக்கைக் காட்டினார்கள். திரவத்தின் மேல்மட்டம் கத்தி முனை மாதிரி பளிச்சென்று தெரிந்தது. மொத்தம் 60 மில்லிலிட்டர். கழித்தல் 269 டிகிரி செல்சியஸ்.

எங்கள் ஆய்வகத்தில் திரவ ஹீலியத்தை லிட்டர் லிட்டராகக் கணக்கு வைத்துத்தான் செலவழிப்போம். ஆவியாவதையும் பிடித்துச் சேர்ப்போம். அந்த 60 மில்லிலிட்டரின் அருமை எனக்குத் தெரியும்.

அந்த ஹீலியம் வாயுவை ஒன்னஸ் எதிலிருந்து எடுத்தார் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் அந்தக் கருவியின் முன்னால் நிற்கும்போது அது வேறு மாதிரி உறைத்தது. மோனசைட் மணல்! நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சி பக்கத்தில். அப்பா அங்கே மணல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கடற்கரையில் அலை ஒதுக்கிப்போடும் கறுப்பும் பழுப்புமான மணலில் இருக்கும் அதே மோனசைட். அதில் தோரியம் இருக்கிறது. தோரியம் சிதையும்போது வரும் ஆல்பா துகள்கள் ஹீலியமாகி, மணற்துகளுக்குள்ளேயே கோடிக்கணக்கான வருடங்கள் அடைபட்டுக் கிடக்கும். மணலைச் சூடாக்கினால் வெளியே வரும். ஒன்னஸுக்கு வந்த மணல் எங்கள் ஊருடையது இல்லை, அமெரிக்காவின் வடக்கு கரோலினாவிலிருந்து. ஆம்ஸ்டர்டாமில் வணிகத் தகவல் அலுவலகத்தில் இருந்த அவருடைய தம்பி வரவழைத்துக் கொடுத்தார். எங்கள் ஊர் மணலில் மோனசைட் இருப்பது 1909 வாக்கில்தான், ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மூலம் வெளியே தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் இந்த மணலைப் பற்றிப் பேச்செடுத்தால் கதிர்வீச்சு, புற்றுநோய், கடலரிப்பு என்றுதான் போகும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். என் துறையின் முதல் துளி அதே வகை மணலிலிருந்து வந்தது என்பதை அந்தக் கண்ணாடியின் முன் நின்றபோதுதான் முழுதாக உணர்ந்தேன். கண் கலங்கிவிட்டது.

மூன்று வருடம் கழித்து, 1911 ஏப்ரல் 8 அன்று, ஒன்னஸின் அதே ஆய்வகத்தில் பாதரசத்தின் மின்தடை மறைந்துபோனதைப் பார்த்தார்கள். மீகடத்துதிறன் உலகத்துக்குத் தெரிந்தது அன்றுதான். பாதரசத்தை ஏன் எடுத்தார்கள் என்றால், திரும்பத் திரும்ப வடித்து மிகச் சுத்தமாக்கலாம். ஒன்னஸின் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு 1910 என்று வருடம் தவறாக எழுதியிருக்கிறது. எந்த நாளில் கண்டுபிடித்தார்கள் என்பதில் ரொம்ப நாள் குழப்பம் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிற்பகலில் அந்த ஆய்வகக் கட்டடத்தைத் தேடி ஸ்டேன்ஸ்கூர் கால்வாய்க்குப் போனேன். இப்போது அங்கே சட்டத்துறை இருக்கிறது. அந்த இடத்துக்கு ஒரு பழைய காயம் உண்டு. 1807 ஜனவரி 12 அன்று வெடிமருந்து ஏற்றிவந்த கப்பல் ஒன்று அந்தக் கால்வாயில் வெடித்தது. சுமார் 150 பேர் இறந்தார்கள், வீடுகள் வரிசையாகத் தரைமட்டம். காலியான அந்த நிலத்தின் ஒரு பக்கத்தில்தான் பின்னால் ஆய்வகம் எழுந்தது. எதிர்க்கரை இன்று பூங்கா. அழுத்தம் ஏற்றிய வாயு உருளைகளை ஒன்னஸ் அங்கே வைத்திருப்பது தெரிந்ததும் ஊரே பயந்தது. 1895 முதல் மூன்று வருடம் குளிர் ஆய்வு நின்றே போனது. ஊரின் பயமும் நியாயம், அவருடைய தவிப்பும் நியாயம். மணல் ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பூங்கா பெஞ்சில் மழை வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்ணாடி ஊதவும் கருவி செய்யவும் ஆள் வேண்டும் என்று 1901-லேயே ஒரு பள்ளியை உருவாக்கினார் ஒன்னஸ். அங்கே படித்த பையன்களை, நீல மேலங்கி போட்டதால், ‘நீலப் பையன்கள்’ என்பார்கள். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. நம் ஊர் ஆய்வகங்களில் கருவி பழுதானால் வெளிநாட்டிலிருந்து ஆள் வரக் காத்திருக்கிறோமே, அதற்கு மருந்து இப்படிப்பட்ட பள்ளிகள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம்தான். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கருத்தரங்கு தேதியோடு கூடத் தங்கும் நாளையும் சேர்த்தே விண்ணப்பத்தில் போடுங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். போஸ்டரைத் துணியில் அச்சடித்துக் கைப்பையில் மடித்து வையுங்கள். என் பெரிய பெட்டி ஒரு நாள் தாமதமாகத்தான் வந்தது, போஸ்டர் கையில் இருந்ததால் தப்பித்தேன். லைடனில் நிறைய கடைகளில் பணத்தாள் வாங்குவதில்லை, அட்டைதான். அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

அன்று இரவு அறையிலிருந்து அப்பாவுக்குக் கருவியின் படத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்து, மோனசைட் விஷயத்தைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

“மக்கா, முப்பத்திரண்டு வருசம் அதை மூட்டை மூட்டையா பாத்திருக்கேன். உள்ளுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லலியே” என்றார். பிறகு, “அந்தப் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிசா அனுப்பு, அம்மைக்குக் காட்டணும்” என்றார்.