டைல் பசையில் ஸ்லாக், ஃப்ளை ஆஷ்: கேள்வி பதில்

ஜூரோங்கில் பசை கலக்கும் ஆலையில் வேலை. சிமெண்டில் எவ்வளவை ஸ்லாக்காக (இரும்பு உலைக் கசடு) மாற்றலாம்?

25 விழுக்காட்டில் தொடங்குங்கள். 1 கிலோ சோதனைக் கலவைக்கு: சிமெண்ட் 262 கிராம், அரைத்த ஸ்லாக் 88, சலித்த மணல் 617, பாலிமர் பவுடர் 25, கால்சியம் ஃபார்மேட் 5, செல்லுலோஸ் ஈதர் (ஈரம் பிடித்து வைப்பது) 3. தண்ணீர் சுமார் 250 மில்லி. கலக்கி, 5 நிமிடம் விட்டு, மறுபடி கலக்குங்கள்.

குறைப்பது சிமெண்டை மட்டும்தான். பாலிமரிலும் கைவைத்தால், தண்ணீர் உறிஞ்சாத போர்சலின் டைலில் ஒட்டாது. சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்புதான் ஸ்லாக்கை எழுப்பிவிடும். அதனால் முதல் சில நாள் பலம் குறைவாகவே இருக்கும், இறுகுவதை வேகப்படுத்தும் ஃபார்மேட் அதற்காகத்தான். 28 நாள் உலர்ந்த இழுவிசையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். டைல் பசைக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 12004-இல், மேம்பட்ட சிமெண்ட் பசையான சி2 வகைக்குத் தண்ணீரில் ஊறிய பிறகும், 70 டிகிரி வெப்பத்தில் வைத்த பிறகும் சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன் வர வேண்டும். ஸ்லாக் இறுகி முடிக்குமுன் ஈரம் காய்ந்துவிடுவதால், வெப்பச் சோதனையில்தான் பெரும்பாலும் சறுக்கும்.

ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலைய நிலக்கரிச் சாம்பல்) விலை குறைவு, அதைப் போடலாமா அண்ணே?

போடலாம் தம்பி, எரியிழப்பு (சூடாக்கினால் எரிந்து குறையும் எடை) 5 விழுக்காட்டுக்குள் இருந்தால். எரியாமல் மிஞ்சிய கரி, பசைக்குள் போடும் ரசாயனங்களை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு லாட் போல இன்னொரு லாட் இருக்காது. உருண்டைத் துகள் என்பதால் பசை வழுவழுப்பாக வரும், சுவரில் பெரிய டைல் கீழே வழுகும். வெள்ளை மார்பிளுக்கு வேண்டவே வேண்டாம், கருமை மேலே தெரியும்.

சைட்டில் 20 கிலோ மூட்டையோடு 2 கிலோ ஸ்லாக் கொட்டிக் கலக்கிவிட்டோம்…

அது மாற்றீடு இல்லை, பாலிமரை நீர்த்துப்போகச் செய்வது. உற்பத்தியாளரின் சோதனைச் சான்று அந்தக் கலவைக்குப் பொருந்தாது. இன்னும் பயன்படுத்தாத மிச்சக் கலவையை ஒதுக்கிவிடுங்கள்.

சிங்கப்பூரின் குப்பை நிரப்பிடமான செமக்காவ் தீவுக்குப் போகும் குப்பை எரிசாம்பல்?

பசைக்கு ஆகாது. அதிலுள்ள அலுமினியத் துணுக்கு காரத்தில் ஹைட்ரஜனை விடும், பசை பொங்கும். உப்பும் அதிகம்.

ஸ்லாக் பசை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் குளியலறை. மறுநாள் க்ரௌட் (டைல் இடுக்கை அடைக்கும் கலவை) போடலாமா?

48 மணி நேரம் விடுங்கள். ஒட்டும்போது விரலால் பசையைத் தொடுங்கள். விரலில் ஒட்டவில்லை என்றால் மேலே தோல் படிந்துவிட்டது. தண்ணீர் தெளிக்காமல் வழித்துப் போட்டுப் புதிதாகப் பூசுங்கள். சில நாளில் ஒரு டைலைக் கழற்றினால் பசை நீலப்பச்சையாகத் தெரியலாம். அது ஸ்லாக்கிலுள்ள சல்ஃபைடு. காற்றுப் பட்டால் வெளுத்துவிடும், கெட்டுப்போனதல்ல.