பூச்சு நன்றாக இருக்கும் நிலத்தடி வாயுக் குழாய்க்குக் கேத்தோடிக் பாதுகாப்பும் தேவையா?

தேவை. கேத்தோடிக் பாதுகாப்பு (சுருக்கமாகச் சிபி) என்பது குழாய்க்குச் சிறிதளவு நேர்மின்சாரம் கொடுத்து அது அரிக்காமல் காக்கும் முறை. நீங்கள் ஆலைப் பராமரிப்பில் இருப்பவர், செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடம் நெருக்குகிறது என்று ஊகிக்கிறேன். மூன்றடுக்குப் பாலித்தீன் பூச்சாக இருந்தாலும், குழாயைப் பள்ளத்தில் இறக்கும்போது விழுந்த கீறலோ வெல்டிங் இணைப்பில் சரியாக ஒட்டாத உறையோ எங்காவது இருக்கும். பக்கத்தில் பெருவிரைவு ரயில் தடம் இருந்து, அதன் நேர்மின்சாரம் மண்ணில் கசிந்து குழாயில் ஏறினால், அது வெளியேறுவது பெரும்பாலும் அந்தக் கீறல் வழியாகத்தான். அப்படி ஓர் ஆம்பியர் ஓராண்டு முழுவதும் வெளியேறினால், ஏறத்தாழ 9 கிலோ இரும்பு கரைந்துவிடும்.

ஆனால் சிபி போட்டாயிற்று என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. சிங்கப்பூரின் துவாஸில் நான் வேலை பார்த்த ஆலையில், நைட்ரஜன் குழாயின் அளவுக் கம்பங்களில் செப்பு சல்பேட் ஒப்பீட்டு மின்வாயை மண்ணில் வைத்து மின்னழுத்தம் பார்ப்பது என் பொறுப்பு. எப்போதும் -1,000 மில்லிவோல்ட்டை ஒட்டியிருந்த அளவு ஒருமுறை -610-க்கு வந்துவிட்டது. -850 அல்லது அதைவிடக் கூடுதலான எதிர்ம அளவு இருக்க வேண்டும். குழாய்க்குப் பதிலாகத் தாம் கரைந்து அதைக் காக்கும் மெக்னீசிய ஆனோடுகள் தீர்ந்துவிட்டன என்று பொறியாளர் முடிவுகட்டிப் புதியவற்றுக்கு ஆர்டரும் போட்டுவிட்டார். எல்லா ஆனோடுகளும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகத் தீருமா என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

இரண்டு நாள் குழாய்த் தடத்தோடு நடந்து பார்த்ததில், குழாய் தரைக்கு மேல் வரும் இடத்திலிருந்த இன்சுலேட்டிங் பிளாஞ்சின் (நிலத்தடிக் குழாயைத் தரைமேல் குழாயிலிருந்து மின்வழியில் பிரிக்கும் இணைப்பு) இருபுறத்தையும் இணைத்து யாரோ பச்சை மஞ்சள் எர்த் கம்பி போட்டிருந்தது தெரிந்தது. அதனால் ஆலை முழுவதற்குமான செப்பு எர்த் வலையையும் அந்தச் சில ஆனோடுகளே சுமந்துகொண்டிருந்தன! கம்பியை அகற்றிய சில நாட்களில் அளவு பழையபடி ஏறியது. அறிக்கையில் "ஆய்வில் கண்டறியப்பட்டது" என்று மட்டும் இருந்தது. ஆய்ந்தவன் பெயர் இல்லை. சரி, அது வேறு கதை.

எர்த்தைக் கழற்றச் சொல்கிறான் என்று இங்கே சிலர் சண்டைக்கு வரக்கூடும். தரைமேல் குழாய்க்கு எர்த் இருக்கத்தான் வேண்டும். பிளாஞ்சைத் தாண்டிப் போன இணைப்பைத்தான் அகற்றினோம், அதுவும் வேலை அனுமதி பெற்று, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு. மின்னலுக்காகப் பிளாஞ்சின் குறுக்கே சர்ஜ் அரெஸ்டரும் (மின்னழுத்தம் திடீரென எகிறும்போது மட்டும் மின்சாரத்தைக் கடத்தும் கருவி) பொருத்தினோம். உங்கள் ஆலையிலும் பிளாஞ்சின் இருபுறமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால், ஆனோடு வாங்கும் முன் அந்தப் பிளாஞ்சைச் சோதியுங்கள்.