நெல்லையில் வாடகை வீடு: டவுனா, பாளையங்கோட்டையா?

பிள்ளைகள் படிப்புக்காகக் கிராமத்திலிருந்து வருவதாகவும், டவுனில் வீடு பார்ப்பதா பாளையங்கோட்டையில் பார்ப்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் பாளையங்கோட்டைதான். பழைய பள்ளிகள், கல்லூரிகள் பலவும் அங்கேதான். ஹைகிரவுண்டில் பெரியாஸ்பத்திரியும் பக்கம். டவுனில் எது வேண்டுமென்றாலும் காலடியில் கிடைக்கும், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை வாசலிலேயே பார்க்கலாம். அன்றைக்கு ரதவீதிப் பக்கம் வண்டி மட்டும் எடுக்க முடியாது.

ஜங்ஷன், வண்ணார்பேட்டையில் தரைத்தளம் என்றால் நிதானமாகப் பாருங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி அங்கே வெள்ளம் புகுந்தது. ஆறு ஏறினால் சாக்கடைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் தெருவுக்கே திரும்பும். சுவரில் நீர்க்கறை இருக்கிறதா, மீட்டர் பெட்டி எவ்வளவு உயரம், சம்ப் மூடி தரைக்கு மேலே நிற்கிறதா என்று கவனியுங்கள். தாழ்ந்த மூடி வழியாகச் சாக்கடை இறங்கினால் குடிநீர் மொத்தமும் வீண்.

குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை, அட்வான்ஸ் கொடுக்குமுன் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.