பாஸ்ட் புட் கடைகளில் சாப்பிடுவது வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறதே, வீட்டில் சமைக்கச் சோம்பல்படுவதுதான் காரணமா?

என் வீட்டில் கூடிக்கொண்டே போகவில்லை. கூடியது, குறைந்தது, திரும்பவும் கூடியது, இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எதனால் என்று என்னால் சொல்ல முடியும். அதில் ஒரு தடவைகூட சோம்பல் காரணமாக இருந்ததில்லை.

கேள்வி கேட்டவர் சாயங்காலம் ஆறு மணிக்குள் வீடு திரும்புகிறவராக இருப்பார் என்று நினைக்கிறேன். திரும்பும்போது வீட்டில் யாராவது குழம்பைக் கூட்டி வைத்திருப்பார்கள். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும். ஆனால் "சோம்பல்" என்ற வார்த்தையை எழுதும்போது பெண்களைத்தான் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஆண்டிபட்டிப் பக்கம் எங்களுக்குச் சொந்த ஊர். கல்யாணம் முடிந்த கையோடு திருப்பூர் வந்தோம். இரண்டு பேருக்கும் பனியன் கம்பெனி வேலை: என் வீட்டுக்காரர் பவர் டேபிள் மெஷினில் தைக்கும் டெய்லர், நான் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் ஒரு ஷிப்டுக்கு ஐந்தரைக்கு விடுவார்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ஷிப்மெண்ட் நெருங்கினால் அதற்கும் மேலே. ஒரு ஷிப்ட் சம்பளத்தில் வாடகையும் மளிகையும்தான் கட்டும். பிள்ளையைப் படிக்கவைக்க, ஊருக்குப் பணம் அனுப்ப அந்த அரை ஷிப்ட்தான். எனவே ஒன்றரை ஷிப்ட் கிடைக்காதா என்று ஏங்குவோம், கிடைத்தால் ராத்திரிச் சாப்பாடு வெளியேதான்.

வாரத்தில் பாதி நாள் அப்படிப் போன காலம் உண்டு. வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் ஒரு தம்பி முட்டை ரைஸ், சிக்கன் ரைஸ், கோபி போடுவார். பக்கத்திலேயே பரோட்டாக் கடை, ரோட்டுக்கடைக் காளான். எந்தக் கம்பெனி ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது, எது ஒரு ஷிப்டோடு விடுகிறது என்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் அந்தத் தம்பி அரிசியே வடிப்பார். எங்கள் வேலை நேரத்துக்கும் எங்கள் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பு அவருக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமை சம்பள நாளில் அந்தத் தெருவில் நிற்க இடம் இருக்காது.

2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடினார்கள். சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டதற்கு அது தேவையான உத்தரவுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் துணிக்குச் சாயம் போட முடியாமல் கம்பெனிகளில் வேலை சுருங்கியது. எங்களுக்கு ஒரு ஷிப்டே சில நாள் முழுசாக இல்லை. ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். அந்த வருஷம் முழுக்க நான்தான் சமைத்தேன். கடையில் சாப்பிட்டது ரொம்ப அபூர்வம். அதே நான், அதே அடுப்பு. வேலை திரும்ப வந்ததும் கடைச் சாப்பாடும் திரும்ப வந்தது.

"ராத்திரி ஒன்பதுக்கு வந்தும் சமைக்கிற பெண்கள் இல்லையா?" என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஓர் அக்கா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மூன்று வேளைக்கும் செய்துவைத்துவிட்டு வருவார். ஓவர்லாக் மெஷினில் கண் சொருகி விரலில் ஊசி ஏறியது அவருக்குத்தான். அவரை எல்லோரும் பொறுப்பான பெண் என்று புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர்களில் ஒருவர்கூட அவர் வீட்டில் ஒரு வேளை உலை வைக்கவில்லை.

ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது என் வீட்டுக்காரரின் சித்தி பந்தியிலேயே கேட்டார்: "ஏம்மா, உங்க வீட்ல அடுப்பே எரியறதில்லையாமே? தினமும் புரோட்டாவாமே?" சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னால் என் மாமியார் பதில் சொன்னார். அதற்கு முந்தின வருஷம் அவர் எங்களோடு வந்து சில வாரம் தங்கியிருந்தார். வந்த புதிதில் அவருக்கும் அதே எண்ணம்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஒரு ஷிப்மெண்ட் நேரம் நான் ராத்திரி வந்து, காலைக்கூடக் கழுவாமல் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு மகனிடம், "நீ போய் நாலு புரோட்டா வாங்கிட்டு வாய்யா, அவ படுக்கட்டும்" என்றார். பிறகு முட்டி வலியோடு அவரே சில நாள் சமைத்து வைத்தார், அந்த நாட்களில் நாங்கள் கடைப் பக்கமே போகவில்லை. பந்தியில் அவர் சித்தியிடம் சொன்னது இதுதான்: "அவ பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வர்றா. நீ ஒரு வாரம் போய் நின்னு பாரு, அப்புறம் பேசு." அதன்பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அத்தை இப்போது இல்லை. அவர் அன்றைக்குப் பேசியதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

இதனால் கடைச் சாப்பாடு உடம்புக்கு நல்லது என்று நான் சொல்கிறேன் என எடுத்துக்கொள்ள வேண்டாம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். எனக்கும் எடை கூடியது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறேன். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது கெடுதல் என்று 2018லிருந்து அதற்கு ஒரு வரம்பே வைத்திருக்கிறார்கள், காய்ச்சக் காய்ச்ச அதில் சேரும் கெட்ட பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. தெருக்கடையில் அதை யார் அளக்கிறார்கள்? அது வேறு கவலை. நான் மறுப்பது சோம்பல் என்ற காரணத்தை மட்டும்தான்.

இன்னொன்று, ஏழைபாழைதான் கண்ட கடையில் சாப்பிடுகிறது என்ற எண்ணமும் சரியில்லை. அமெரிக்காவில் 2013 முதல் 2016 வரை அரசாங்கம் எடுத்த கணக்கில், எந்த ஒரு நாளை எடுத்தாலும் பெரியவர்களில் 36.6 சதவீதம் பேர் பாஸ்ட் புட் சாப்பிட்டிருக்கிறார்கள். வருமானம் கூடக் கூட அந்த விகிதமும் கூடியிருக்கிறது. 20லிருந்து 39 வயதுக்குள் 44.9 சதவீதம், 60க்கு மேல் 24.1 சதவீதம். அதாவது வேலைக்கு ஓடும் வயதில் அதிகம். என் மகள் கல்லூரிப் பாடத்துக்காக எடுத்தபோது காட்டினாள், இதைத்தானே நான் இத்தனை வருஷமாகச் சொல்கிறேன் என்று தோன்றியது.

இப்போதைய நிலைமை: நான் வேறு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன், பெரும்பாலும் ஒரு ஷிப்டோடு வந்துவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது ஆர்டர் குறைந்து அவருக்கும் ஓவர்டைம் போய்விட்டது. கடைச் சாப்பாடு இப்போது மாதத்தில் எப்போதாவதுதான். மகள் மட்டும் தோழிகளோடு ஷவர்மா சாப்பிடுவாள். 2025 ஏப்ரலில் ஷவர்மாவில் போடும் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வருஷத் தடை வந்தபோது பயந்து அதையும் குறைத்துக்கொண்டாள்.

வீட்டில் சமைக்கச் சொல்கிறவர்கள் லைன் வீட்டில் சமைப்பது எப்படி என்றும் கொஞ்சம் கேளுங்கள். தண்ணீர் தினமும் வராது. சிலிண்டர் தீர்ந்துவிட்டால் இண்டக்‌ஷன் அடுப்பு, அதற்குக் கரண்ட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016இல் வந்தது. எங்களைப் போன்ற வாடகைக்காரர்கள் கைக்கு அது வந்ததே இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே இணைப்பு, உள்ளே தனித்தனியாக சப் மீட்டர், முதல் யூனிட்டிலிருந்தே வீட்டு ஓனர் சொல்வதுதான் ரேட். போன தடவை அதையும் ஏற்றினார். கரண்ட் அட்டையைக் காட்டுங்கள், நீங்கள் மின்வாரியத்துக்குக் கட்டியது எவ்வளவு என்று கேட்டேன். இஷ்டமிருந்தால் இருங்கள் என்கிறார். மகள் படிப்பு முடியும்வரை வீடு மாற முடியாது, அதனால் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ரசீது கேட்கிறேன். அடுத்த தடவையும் கேட்பேன்.