வயிற்றில் துணியை விட்டுத் தைத்துவிட்டார்கள், வழக்குப் போட முடியுமா?

கேள்வி: எனக்குக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் நடந்து 22 மாதம் ஆகிறது. நகையை அடகு வைத்து 85,000 ரூபாய் கட்டினோம். அதற்கப்புறம் வயிற்றுவலி விட்டபாடில்லை. போன மாதம் மதுரையில் ஸ்கேன் எடுத்தபோதுதான் உள்ளே துணி இருப்பது தெரிந்தது. மறுபடி கிழித்து எடுத்தார்கள். கோவை மருத்துவமனை கேஸ் ஷீட்டைத் தர மறுக்கிறது. 50,000 தருகிறோம், எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள். கோர்ட் பக்கம் தெரிந்த ஒருவர், ஜெயித்தால் 30 சதவீதம் அவருக்கு என்று சொல்லி வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். வீட்டில் தையல் வேலை செய்து பிழைப்பவள் நான். என்ன செய்வது?
— திண்டுக்கல் வாசகி

பதில்: முதலில், அந்த இரண்டு கையெழுத்தையும் போடாதீர்கள். மருத்துவமனை நீட்டும் தாளில் பெரும்பாலும் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி இருக்கும். 50,000-ஐ வாங்கிக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அந்த வரியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். 30 சதவீதக்காரர் வழக்கறிஞரே என்றாலும் வழக்கின் முடிவை வைத்துப் பங்கு பேசக்கூடாது. வழக்கறிஞர்களுக்கு விதி வகுக்கும் பார் கவுன்சில் அதைத் தடுக்கிறது. வழக்கறிஞர் இல்லை என்றால் அவரிடம் பேச்சே வேண்டாம்.

இப்போது உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் நாள் கணக்குதான். நுகர்வோர் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். துணி இருப்பது போன மாதம்தானே தெரிந்தது, அன்றிலிருந்து எண்ணலாமே என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். அச்சு அசலாக இதே மாதிரி ஒரு வழக்கு 2010-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 1993-ல் பித்தப்பை ஆபரேஷன், 2002-ல் துணி கண்டுபிடிப்பு, 2004-ல் புகார். அந்தப் பெண் தோற்றார். அவரே ஒரு செவிலியர். இத்தனை ஆண்டு வலி இருந்தும் ஏன் முன்பே பார்க்கவில்லை என்று கேட்டு, காலம் கடந்த புகார் என்று தள்ளிவிட்டார்கள். அதனால் முதல் ஆபரேஷன் நாளிலிருந்தே எண்ணி, மிச்சமிருக்கும் இரண்டு மாதத்துக்குள் புகாரைப் போட்டுவிடுங்கள்.

கேஸ் ஷீட் விஷயத்துக்கு வருகிறேன். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன. வாயால் கேட்காதீர்கள். ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தரவில்லை என்றால் அந்த ரசீதே உங்களுக்குச் சாட்சி. ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லி ஆணையமே உத்தரவிட முடியும், எனவே அது கைக்கு வரும்வரை புகாரை நிறுத்தி வைக்க வேண்டாம்.

மதுரையிலிருந்து வாங்க வேண்டியதுதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி: ஸ்கேன் ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, எடுத்த துணியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட். இன்னொரு டாக்டர் மீது குறை எழுத மருத்துவர்கள் தயங்குவார்கள். நீங்கள் குறை கேட்க வேண்டாம், என்ன எடுத்தோம் என்று இருந்தால் போதும். சிகிச்சை முறை சரியா தவறா என்ற வழக்குகளில் நிபுணர் கருத்து இல்லாமல் நிற்பது கஷ்டம். டாக்டர் எடுத்த முடிவு பலிக்கவில்லை என்பது மட்டும் அலட்சியம் ஆகாது. ஆனால் எல்லா வழக்குக்கும் நிபுணர் தேவையில்லை என்று 2010-ல் இன்னொரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வயிற்றில் கிடந்த துணியைவிட வேறென்ன பேச வேண்டும்?

ஆபரேஷனுக்கு முன் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதற்காகப் பயப்படாதீர்கள். ஆபரேஷனுக்குத்தான் சம்மதம் கொடுத்தீர்கள், துணியை உள்ளே விட்டுத் தைப்பதற்கு இல்லை.

கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, மருத்துவமனைக்குக் கட்டிய தொகையை வைத்துத்தான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலோடு வரும், அதனால் ஒருவரை வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருகிறார்கள். 15100-க்கு அழைத்தும் கேட்கலாம். காசு கொடுத்து வைப்பதென்றால், மருத்துவ வழக்கு நடத்தியிருக்கிறாரா என்று கேளுங்கள், மொத்தக் கட்டணத்தை எழுதி வாங்குங்கள். மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

தையல் வருமானத்துக்கு ரசீது இருக்காது. வாடிக்கையாளர் கணக்கு எழுதிய நோட்டு, ஜிபே வரவு, எதுவானாலும் எடுத்து வையுங்கள். அடகுச் சீட்டு, மதுரைச் செலவு பில், பஸ் டிக்கெட் எல்லாம் சேரட்டும்.

கேள்வி: இதே தவறு அரசு மருத்துவமனையில் நடந்தால் கேட்க வழியே இல்லையா?
— கரூர் வாசகர்

பதில்: எல்லாருக்கும் முழுக்க இலவசம் என்றால் அது நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1995 தீர்ப்பு. சிலரிடமாவது கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் இலவசமாகப் பார்த்தவரும் கேட்கலாம். மற்றபடி சிவில் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று வழி இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யச் சொல்லாமலே அனுப்பிவிட்டார்கள்; பார்வை போய்விட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். 2015-ல் உச்ச நீதிமன்றம் எதிர்காலச் செலவையும் விலைவாசி ஏற்றத்தையும் கணக்கில் எடுத்து அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது. அதில் பெரும்பங்கைக் கொடுக்க வேண்டியிருந்தது தமிழக அரசு.