பால் கறைக்கு வெந்நீர் ஊற்றாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. சலவைத்தூளில் துவைத்த துணியைப் போட்டால் அவளுக்குத் தோல் சிவந்துவிடுகிறது. அதனால் வெள்ளைப் பருத்திச் சட்டையில் பாலும் பழச்சாறும் சிந்தியபோது, சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றினேன். நன்றாக நுரைத்தது. பிறகு வெந்நீரில் ஊறப்போட்டேன். பழக்கறை போய்விட்டது, பால் பட்ட இடம் மட்டும் பழுப்பாக நிற்கிறது. இதை எடுக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஒரே அலசலில் போகாது, அவ்வளவுதான்.

உங்களுக்குக் காலை வாரியது வெந்நீர். பாலில் புரதம் இருக்கிறது. சூடு பட்டால் புரதம் இறுகி நூலிழையோடு ஒட்டிக்கொள்ளும். முட்டை, ரத்தம், வாந்தி எல்லாம் இதே கதைதான். இவற்றுக்குக் கை பொறுக்கும் சூடுகூட வேண்டாம், குழாயின் பச்சைத்தண்ணீரே போதும். பால் கறையில் நேராக வினிகர் ஊற்றுவதும் வேண்டாம். காய்ச்சிய பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்து கட்டிகட்டியாக நிற்கும் அல்லவா? துணிக்குள்ளும் அதேதான் நடக்கும்.

அந்த நுரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலரும் ஏமாறும் இடம் இது. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். பொங்குவது கரியமில வாயு. அது அடங்கியபின் பாத்திரத்தில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத்தண்ணீர். இரண்டும் நல்ல பொருள்கள்தான், தனித்தனியாகப் பயன்படுத்தினால்.

சரி, இப்போது சட்டைக்கு வருவோம். கறையைக் குளிர்ந்த நீரில் நனைத்து, 3 பங்கு சமையல் சோடாவுக்கு 1 பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவி, ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு துணியை உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்து, கறையின் பின்புறத்தில் குழாய்த் தண்ணீர் விழட்டும். முன்பக்கம் விழுந்தால் அழுக்கு இன்னும் உள்ளே இறங்கும். மென்மையான சோப்பு போட்டு, கசக்காமல் விரலால் தட்டித்தட்டி அலசுங்கள். இன்னும் பழுப்பு தெரிந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில சொட்டுகள் விட்டு, 10 நிமிடத்தில் அலசிவிடுங்கள். நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் பொருள் அது. வெள்ளைத் துணிக்கு மட்டும். சாயத் துணியை வெளுத்துவிடும். கடைசியில் வெயிலில் காயப்போடுங்கள். வெயிலும் ஒரு நல்ல வெளுப்பான்தான்.

பழச்சாற்றுக்கும் புல் கறைக்கும் வினிகர் பொருத்தம். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, கால் மணி நேரம் ஊறவிட்டால் போதும். எண்ணெய் பட்டால் தண்ணீரே தொடாதீர்கள். முதலில் சோளமாவு தூவி அரை மணி நேரம் விட்டு உதறுங்கள், அப்புறம் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு. சேற்றுக்குப் பொறுமைதான் மருந்து. ஈரமாகத் தேய்த்தால் பரவும், காய்ந்தபின் உதிர்த்தால் பாதி வேலை முடிந்தது. எதையும் வண்ணத் துணியில் போடுமுன் உள்தையலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

எச்சரிக்கை ஒன்று: குளோரின் ப்ளீச் இருக்கும் பாத்திரத்தில் வினிகரோ எலுமிச்சையோ சேரவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

மகளின் தோல் விஷயம். சமையலறைப் பொருள் என்பதாலேயே அது குழந்தையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். வினிகரும் சோடாவும் துணியில் தங்கினால் அவையும் உறுத்தும். சலவைத்தூளே பகையா, அல்லது சரியாக அலசாமல் தங்கும் மிச்சம்தான் காரணமா என்று பார்க்க, ஒரு வாரம் தூளைக் குறைத்து, கூடுதலாக ஒருமுறை அலசிப் பாருங்கள். அப்படியும் சிவந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கறை முழுதாகப் போகும்வரை அந்தச் சட்டையை இஸ்திரி போடாதீர்கள். வெந்நீர் செய்ததையே இஸ்திரியும் செய்யும். சிறியதாகிவிட்ட உடைகளைப் பெட்டியில் எடுத்துவைப்பதாக இருந்தால், கழுத்துப் பகுதியை ஒருமுறை சோப்பு போட்டுத் துவைத்துவிடுங்கள். இன்று கண்ணுக்கே தெரியாத பால் துளி, சில மாதம் கழித்துத் திறக்கும்போது மஞ்சளாக நிற்கும்.